ஆணியக்காவின் சிவப்புக் கயிறு

அந்தக் கடைத்தெருவில் ஆணியக்கா என்றால்தான் அவளைத் தெரியும். தெருவின் கடைசிக் கடை அவளுடையது. ஆணி, கயிறு, பெயிண்ட், தாழ்ப்பாள் என்று வீடு கட்டுகிறவனுக்கு வேண்டிய அத்தனையும் அங்கே கிடைக்கும். ஆணியைப் பொட்டலம் கட்டப் பழைய புத்தகங்களை எடைக்கு வாங்குவாள். கிழிக்கும் முன் பக்கத்தைப் படித்துவிடுவது அவள் பழக்கம். அதனால் உலகத்துக் கதைகளில் பாதி அவளுக்குத் தெரியும், மீதி ஆணியோடு போய்விடும். "கொலை பண்ணினவன் யாருன்னு தச்சரைத்தான் கேக்கணும்" என்று அவளே சிரிப்பாள்.

ஒரே ஒரு புத்தகத்தைக் கிழிக்க மட்டும் கை வரவில்லை. அதுவும் பாதி கிழித்த பிறகுதான். ஏதென்ஸ் என்ற பழைய நகரத்தைப் பற்றிய சரித்திரம் அது. போருக்குப் போவதா வேண்டாமா என்பதைக்கூட அங்கே மந்திரி முடிவு செய்யவில்லையாம். குடிமக்கள் ஆயிரக்கணக்கில் ஒரு மேட்டில் கூடி, கை தூக்கி முடிவு செய்தார்களாம். கூட்டத்துக்கு வராமல் கடைவீதியில் வம்பளந்து நிற்பவர்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்து மேட்டுக்கு விரட்டுவார்களாம். சாயம் பட்டவனுக்கு அபராதம்.

ஆணியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பெயிண்ட் வாங்க வந்தவனுக்கும் ஏதென்ஸ், தாழ்ப்பாள் வாங்க வந்தவளுக்கும் ஏதென்ஸ். "ஏதென்ஸ்ல உப்பு கிடைக்காதா?" என்று சாப்பிடும்போது கணவர் கேட்டார். அன்று அவள் உப்புப் போட மறந்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் கொல்லைக்கு ஆபத்து வந்தது. கடைகளுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காலி இடத்தில்தான் லாரி நின்று சரக்கு இறக்கும். அதை வண்டி நிறுத்தும் இடமாக்க ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவது என்று வியாபாரிகள் சங்கத்தின் ஏழு பேர் கொண்ட குழு முடிவு செய்துவிட்டது. கொல்லை போனால் ஆணியக்காவின் கடைக்குப் பெயிண்ட் டிரம் வர வழியே கிடையாது. கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

சங்கத் தலைவர் கடிகாரக் கடைக்காரர். அவரிடம் போய் நின்றாள்.

"எல்லாரையும் கேட்டுத்தானே அண்ணே முடிவு பண்ணணும்?"

கண்ணில் இடுக்கிய லென்ஸை எடுக்காமலே அவர் சொன்னார்: "எல்லாரும் சேர்ந்துதானேம்மா எங்க ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தீங்க? ஒவ்வொண்ணுக்கும் தொண்ணூறு பேரையும் கூப்பிட்டா, அப்புறம் கடையை யார் பாக்குறது? விதிப்படி பாதிப் பேர் வந்தா முடிவை மாத்தலாம். கூட்டிட்டு வா. எண்ணுறது என் பொறுப்பு."

நியாயமான பேச்சு. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு எரிச்சல். கூட்டத்துக்கு இதுவரை இருபது பேருக்கு மேல் வந்ததில்லை. அந்தத் தெருவில் ஒற்றுமை என்று ஒன்று இருந்தால் அது கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதில்தான்.

கூட்டத்தன்று மாலை ஒரு வாளியில் சிவப்புச் சாயத்தைக் கரைத்தாள். நீளமான கயிறு ஒன்றை அதில் முக்கி எடுத்தாள். ஒரு முனை அவள் கையில், மறுமுனை கணவர் கையில்.

"விளையாட்டு வினையாயிடும்" என்றார் அவர்.

"கையை இறக்காதீங்க, இடுப்பு உயரத்துல பிடிங்க."

தெருக்கோடியிலிருந்து இருவரும் நடக்கத் தொடங்கினார்கள். கயிறு தெருவின் அகலத்துக்கும் நீண்டு, சொட்டச் சொட்ட வந்தது. முதலில் மாட்டிக்கொண்டவர் தையல்காரர். வெள்ளைச் சட்டையில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. "அக்கா, உனக்குப் பைத்தியமா?" என்று கத்தியவர், எதிரே பழக்கடைக்காரர் சுத்தமாக நிற்பதைப் பார்த்ததும் கயிற்றின் நடுவைத் தானே பிடித்துக்கொண்டார். தன் சட்டை பாழான பிறகு அடுத்தவன் சட்டை வெளுப்பாக இருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவ்வளவுதான், தெருவே கிளம்பிவிட்டது. மேசைக்கடியில் ஒளிந்த செல்போன் ரிப்பேர்க்காரரை நாலு பேர் இழுத்து வந்தார்கள். முடிதிருத்துபவர் பாதி மழித்த வாடிக்கையாளரோடு ஓடினார். ஓட இருந்த வழி ஒன்றே ஒன்று, சங்கக் கட்டடத்துக்கு.  இப்படி ஒரு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட ஆணியக்காவுக்கு வந்ததில்லை.

கூடத்தில் நிற்க இடமில்லை. தலைவர் சொன்ன சொல் தவறாமல், விரல் நீட்டி எண்ணினார்.

"நாப்பத்து நாலு. நாப்பத்தஞ்சு வேணும். ஒண்ணு குறையுது."

"இவரைச் சேத்துக்கோங்க" என்று முடிதிருத்துபவர் சோப்பு நுரைக்காரரைத் தள்ளினார்.

"அவருக்குக் கடை இருக்கா? உக்காருய்யா."

  ஆணியக்கா கயிற்றோடு வாசலிலேயே நின்றாள். அப்போது தையல்காரர் எழுந்தார்.

"கயிறு பிடிச்ச அக்காவை எண்ணினீங்களா?"

தலைவர் மெல்லச் சிரித்தார். "தங்கச்சி, நீ சொல்ற ஏதென்ஸ்ல கயிறு பிடிச்சவங்க அடிமைங்க. சபையில அவங்களுக்குக் கை தூக்க உரிமை கிடையாது. பொம்பளைங்களுக்கும் கிடையாது. புத்தகத்துல படிக்கலையா?"

அவளுக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது. இத்தனை நாள் ஊரெல்லாம் கொண்டாடிய மேட்டில் தனக்குக் கால் வைக்கவே இடமில்லையா?

"அந்தப் பக்கம் ஆணிக்குப் போயிடுச்சண்ணே" என்றாள்.

கூடம் குலுங்கிச் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் முட்டியது.

"அங்க கயிறு இருந்துச்சு, எனக்கு இடமில்ல. இங்க எனக்கு இடமிருக்கு, கயிறுதான் இல்லாம இருந்துச்சு" என்றவள், தன் முனையையும் கணவர் கையில் திணித்துவிட்டு வாசற்படி தாண்டினாள்.

"நாப்பத்தஞ்சு" என்றார் தலைவர். "குத்தகை வேணாங்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் எழுந்தது சாயம் வழியும் அவள் கை. அதன் பின்னால் கை மேல் கையாக எழுந்தன. தலைவர் நிதானமாக, ஒன்றுகூட விடாமல் எண்ணினார். முப்பத்தெட்டு. கொல்லை தப்பியது.

வாசலில் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் சிவப்பாக நின்ற கணவர் எட்டிப் பார்த்தார்.

"நான் உள்ள வரலாமா?"

ஆணியக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

"கடை என் பேர்ல இருக்கு. நீங்க கயிறைப் பிடிங்க."