மட்கார்டு இல்லாத சைக்கிள்

காளீஸ்வரியின் சைக்கிளில் மட்கார்டு கிடையாது. கழற்றிப் போட்டு நாலு வருடமாகிறது. கரிசலில் ஒரு மழை பெய்தால் போதும், மண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பி இறுகிவிடும். பிறகு சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதனால் அந்தப் பக்கத்து ஊர்களில் மட்கார்டு உள்ள சைக்கிள் குறைவு. கேரியரில் ஒரு சாண் நீளக் குச்சி செருகியிருக்கும், பிரேக்கில் அப்பும் மண்ணைக் குத்தி எடுக்க. மழை நாளில் ஓட்டுகிறவர் முதுகில் இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரு கறுப்புக் கோடு விழும். அந்தக் கோட்டோடுதான் அவள் கோவில்பட்டிக்குள் நுழைவாள்.

இடைசெவலுக்குக் கிழக்கே ஒன்றரை மைல் மண்பாதையில் அவள் ஊர். வயது நாற்பத்துநாலு. கணவன் திருப்பூரில். அவள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில் மிஷின் வந்ததும் பெண்களை நிறுத்திவிட்டார்கள். மகள் வனிதா பதினொன்றாம் வகுப்பில் படித்தபோது பள்ளியில் கொடுத்த சைக்கிள் இது. மகள் நர்சிங் படிக்கத் திருநெல்வேலிக்குப் போன பிறகு, நாற்பது வயதில், காளீஸ்வரி ஓட்டப் பழகினாள். விழுந்த இடங்கள் முழங்காலில் இருக்கின்றன.

ஏழரைக்கு மெயின் ரோட்டில் ஒரு கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் வேலை தொடங்கும். ஒரு வக்கீல் ஆபீஸ், ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ். கூட்டித் துடைத்து ஒன்பதரைக்கு இறங்குவாள். பத்து மணிக்குள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிளினிக்கில் இருக்க வேண்டும். டாக்டர் உட்காருவதற்குள் கட்டுப்போடும் அறை சுத்தமாகிவிட வேண்டும். மகள் படிப்பு நிற்பது கிளினிக் சம்பளத்தில்.

"பொம்பளைகளுக்குத்தான் பஸ்ஸு ஓசியாச்சே, இந்தச் சைக்கிள் எதுக்கு?" என்று வக்கீல் ஒருமுறை கேட்டார்.

"ஓசி பஸ்ஸு எங்க ஊரு விலக்குக்கு எட்டே முக்காலுக்கு வருது சார். ஏழரைக்கு இங்கன கூட்டணும். டிரைவர்ட்ட நீங்க சொல்லுதீங்களா?"

வக்கீல் பேப்பரைப் புரட்டினார்.

முன்பு அந்தக் கட்டிடத்துப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. சைக்கிளை அதில் சங்கிலி போட்டுக் கட்டுவாள். சாக்கடை கட்டியபோது மரம் போயிற்று. கடைத்தெரு முனையில் ஒரு ஸ்டாண்டு உண்டு. அங்கே போனாள். டோக்கன் கிழிக்கிற யோகராஜ் அவளைப் பார்க்காமலே தலையை ஆட்டினான்.

"சைக்கிள் எடுக்கதில்ல யக்கா."

"பைக்குக்கு எம்புட்டு?"

"பதினஞ்சு."

"அதையே நானும் தாரேன்."

"ரூவாய்க்கு இல்ல யக்கா. ஒங்க சைக்கிள் சாஞ்சு ஒரு பைக்குல கீறல் விழுந்துச்சுன்னா எவன் பதில் சொல்லுவான்?"

"பைக்கு சாஞ்சு என் சைக்கிள் நசுங்கினா?"

அதற்கு அவன் சிரித்தான். அதை ஒரு கேள்வியாகவே அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

எதிர் வரிசையில் ஒரு துணிக்கடை. மூன்று மாடி, கண்ணாடிக் கதவு, வாசலில் வெள்ளை டைல்ஸ். அதன் பக்கச் சுவரை ஒட்டிச் சாக்கடை மேல் சிமெண்ட் சிலாப் போட்டிருக்கிறது. கடை இடமில்லை. அதில் ஏழெட்டு சைக்கிள்கள் நிற்கும். பூ விற்கிறவள், தையல்காரர், ஓட்டலில் மாவாட்டுகிறவர். காளீஸ்வரி ஒன்பதாவதாக நிறுத்தினாள்.

புரட்டாசி தொடக்கத்தில் ஒருநாள் இறங்கி வந்தபோது இரண்டு சக்கரத்திலும் காற்று இல்லை. பஞ்சர் என்று நினைத்தாள். சைக்கிள் கடைக்காரன் மூடியைத் திருகிப் பார்த்து, "வால்வு இல்லையே. பிடுங்கியிருக்காங்க" என்றான். இரண்டும் போயிருந்தன. மூடி மட்டும் ஒழுங்காக மாட்டியிருந்தது. பிடுங்கியது தெரியக்கூடாதென்று மூடியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான், களவாணி, என்று நினைத்தாள். கிளினிக்குக்குப் போகும்போது மணி பத்தரை. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்தும்.

மூன்றாம் முறை கிளினிக் மேனேஜர் உமாதேவி வாசலிலேயே நின்றாள்.

"காளீஸ்வரி, டாக்டர் உக்காந்தாச்சு, தரையில ரத்தம் கெடக்குது."

"காத்தப் பிடுங்கிட்டாங்க மேடம்."

"தினம் ஒரு கத. இன்னொரு நாள் பத்து தாண்டிச்சுன்னா வர வேண்டாம். பெருமாயி வேல கேட்டு நடையா நடக்கா."

மறுநாள் காளீஸ்வரி வக்கீல் ஆபீஸ் ஜன்னலைத் துடைத்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டே முக்காலுக்குத் துணிக்கடை வாட்ச்மேன் பக்கச் சுவருக்கு வந்தார். நீலச் சட்டை, தொப்பி, அறுபது வயதிருக்கும். குத்தவைத்து உட்கார்ந்தார். முதல் சைக்கிளில் மூடியைத் திருகினார், வால்வை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டார், மூடியை மாட்டினார். அடுத்த சைக்கிளுக்கு நகர்ந்தார். பக்கத்தில் நின்ற பைக்குகளை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

அவள் கையில் துடைக்கிற துணியோடு இறங்கி ஓடினாள்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதீங்க?"

"பாத்தா தெரியலையா?"

"பைக்கு ஏழு நிக்குதே. அதுல கை வைக்க வேண்டியதுதான?"

"அவிய துணி எடுக்க வந்தவிய."

"நானும் போன தீவாளிக்கு இதே கடையில எம் பிள்ளைக்குச் சுடிதார் எடுத்தேன்."

"அன்னைக்கு சைக்கிள்லயா வந்திய?"

"பின்ன, யானையிலயா வந்தேன்?"

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாட்ச்மேன் எழுந்து முழங்காலைத் தட்டினார்.

"மேனேஜர் சொல்லுதாரு தாயி. ஒங்க டயருலேருந்து மண்ணு டைல்ஸ்ல விழுதாம். மிதிச்சுக்கிட்டே உள்ள போறாங்களாம்."

"இது கடை இடமா? முனிசிபாலிட்டி சிலாப்."

"முனிசிபாலிட்டியா வந்து இங்கன நிக்குது? நான்ல நிக்கேன்."

அவர் பெயர் வன்னியபெருமாள் என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

அவள் சிக்னலில் நின்ற போக்குவரத்துக் காவலரிடம் போனாள். அவர் நல்லவிதமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "அங்க நிறுத்துறதே தப்புதானம்மா" என்றார்.

"தப்புன்னா எனக்கு அபராதம் போடுங்க. பைக்குக்காரனுக்குச் சீட்டு குடுக்கீங்கல்ல, எனக்கும் குடுங்க. காத்தப் பிடுங்குறது எந்தச் சட்டம்?"

அவர் கையிலிருந்த மிஷினைக் காட்டினார். "வண்டி நம்பர் அடிச்சாத்தான் இது அடுத்த பக்கத்துக்கே போகும். ஒன் சைக்கிளுக்கு நம்பர் ஏது?"

அபராதம் போடுவதற்குக்கூட அவள் வண்டி வண்டியாக இல்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் சத்தமாகத் திட்டிக்கொண்டே வந்தாள். யாரைத் திட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, துணிக்கடைக்குப் பின்னால் இருக்கிற குழாயில் கை கழுவப் போனாள். ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒரு பழைய சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. மட்கார்டு இல்லை. கேரியரில் குச்சி. ஹேண்டில்பாரில் நீலத் தொப்பி தொங்கியது. யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் குத்தவைத்து உட்கார்ந்தாள். முன்சக்கரம், பின்சக்கரம். உருவிய வால்வையும் மூடியையும் சேர்த்துச் சாக்கடையில் எறிந்தாள். அன்றைக்கு வெகுநாளைக்குப் பிறகு வேலையில் அவளுக்குக் கை வேகமாக ஓடியது.

மறுநாள் வன்னியபெருமாள் ஒன்பதேகாலுக்கு நடந்து வந்தார். மேனேஜர் நந்தகோபால் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முப்பது வயதுக்காரர். ஜன்னல் வரைக்கும் கேட்டது.

"இந்நேரத்துக்கு வாரதுக்கு நீரு என்ன மாப்பிள்ளையாவே? மேளம் வேணுமோ? தீவாளிக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கு. ஒம்மை வச்சிக்கிட்டு நான் கதவத் திறக்கவா?"

வன்னியபெருமாள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துணி எடுக்க வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

ஒன்பதரைக்கு அவள் இறங்கியபோது அவர் சிலாப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவளே ஆரம்பித்தாள்.

"இப்பத் தெரியுதா?"

"நாலாட்டின்புதூர் வரைக்கும் உருட்டிக்கிட்டே போனேன். கடையெல்லாம் அடைச்சிட்டான்."

"நான் வாரத்துக்கு ஒருநாள் உருட்டுதேன்."

"தெரியும். அதான் மூடிய மாட்டி வைக்கேன். மண்ணு உள்ள போயிட்டா டியூப்பே போயிரும். நம்ம மண்ணு தெரியாதா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "நீ மூடியையும்ல எறிஞ்சிட்ட."

அவளுக்குக் கோபம்தான் கூடியது.

"அப்பப் பிடுங்காம இருக்க வேண்டியதுதான?"

அவர் மோவாயை மட்டும் மேலே உயர்த்தினார். சுவரில் கேமரா. பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு பிடி வால்வுகளை எடுத்து நீட்டினார். "ஒன்னோடத எடுத்துக்க." எல்லாம் ஒன்றுபோல இருந்தன. அவள் இரண்டை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லாமல் போனாள்.

ஐப்பசி பிறந்து நல்ல மழை பிடித்தது. ஒருநாள் ஊரிலிருந்து தார்ரோடு வரைக்கும் சைக்கிளைத் தோளில் வைத்துத்தான் வந்தாள். கட்டிடத்துக்கு வந்து சேர எட்டு மணி. வக்கீல் ஆபீஸை மட்டும் கூட்டினாள். எட்டே முக்காலுக்கு ஜன்னலில் பார்த்தாள். வன்னியபெருமாள் குடையோடு சிலாப்பை நோக்கி வந்துகொண்டிருந்தார். முதல் சைக்கிள், இரண்டாவது சைக்கிள். அவளுடையது ஒன்பதாவது.

அவள் இறங்கி வந்து பூட்டைத் திறந்தாள். சைக்கிளை ரோட்டுக்குத் திருப்பவில்லை. துணிக்கடை வாசலுக்கு உருட்டினாள். வெள்ளை டைல்ஸில் சக்கரம் ஏறியதும் கரிசல் கட்டி கட்டியாக விழுந்தது. கடை அப்போதுதான் திறந்திருந்தது. முதல் கூட்டம் உள்ளே நின்றது.

வன்னியபெருமாள் குடையை மடக்கிக்கொண்டு ஓடி வந்து கதவுக்கும் அவளுக்கும் நடுவே நின்றார்.

"தாயி, வேண்டாம்."

"பிள்ளைக்குத் துணி எடுக்கணும் அண்ணாச்சி. வண்டிய வெளிய விட்டா காத்து போயிருது. கதவத் திறங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சக்கரத்தில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் வைப்பதுபோல நெற்றியில் கை வைத்து, கண்ணாடிக் கதவை இழுத்துத் திறந்து பிடித்தார்.

சைக்கிள் உள்ளே போயிற்று. புடவைப் பகுதி வரைக்கும் இரண்டு கறுப்புக் கோடுகள். விற்பனைப் பெண்கள் வாயைப் பொத்தினார்கள். நந்தகோபால் கல்லாவிலிருந்து பாய்ந்து வந்தார். சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டார்.

"என்னம்மா இது? ஜெனரேட்டருக்குப் பின்னாடி பத்து சைக்கிள் விடலாமே. கேட்டிருந்தா குடுத்திருப்பமே."

காளீஸ்வரி ஹேண்டில்பாரை விடவில்லை.

"அங்கன இடம் இருந்துச்சா?"

"இருக்கே."

"இடத்த வச்சிக்கிட்டா பிடுங்கினீய?"

அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நீ அங்கன விட்டுக்க. ஒனக்கு மட்டும். இப்ப வெளிய போ."

"மத்த எட்டு பேரு?"

"ஒனக்குத் தாரேன்ல. ஊருக்கு எதுக்கு ஞாயம் பேசுத?"

"ஒங்க இடத்த நீங்களே வச்சிக்கிடுங்க" என்றாள். சைக்கிளைத் திருப்ப அங்கே இடம் போதவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கி வைத்துத் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் மண் விழுந்தது. வன்னியபெருமாள் அப்போதும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

கிளினிக்கில் மணி ஒன்பதே முக்கால். உமாதேவி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். காளீஸ்வரி தரையைத் தேய்த்த தேய்ப்பில் மாப்புக் கட்டை முறிந்தது.

மறுநாள் துணிக்கடை வாசலில் வேறு ஆள் நின்றான். திடகாத்திரமானவன், நீலச் சட்டை அவனுக்கு இறுக்கமாக இருந்தது. ஜெனரேட்டருக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். சைக்கிள் இல்லை. பத்து சைக்கிளுக்கான இடம் காலியாகக் கிடந்தது.

"வன்னியபெருமாள் அண்ணாச்சி எங்க?"

டீக்கடைக்காரர் வடையைத் திருப்பினார். "நேத்தே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. கதவத் திறந்து விட்டது கேமராவுல இருக்காம்."

அவள் மாடிக்குப் போய் ஜன்னலில் நின்றாள். மாடிக்குப் போய் ஜன்னலில் நின்றாள். எட்டே முக்காலுக்குப் புது ஆள் சிலாப்புக்கு வந்தான். சைக்கிள்களைக் காலால் சாய்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். வால்வை உருவி ரோட்டில் எறிந்தான். மூடியையும் எறிந்தான்.

அவளுடைய சைக்கிள் அங்கே இல்லை. அன்று காலை, ஏனென்று யோசிக்காமலே, ஊரில் மண்பாதையில் தூக்குவதுபோலத் தோளில் ஏற்றி, முப்பத்தாறு படியும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். வக்கீல் ஆபீஸ் வாசலில் அது நின்றது.

பத்து நாள் போலப் பொறுத்துப் பார்த்துவிட்டு வக்கீல் கேட்டார். "ஏம்மா, சைக்கிள மாடிக்கா தூக்கிட்டு வாரது? பாக்கிறவன் சிரிக்கமாட்டானா?"

"சிரிக்கட்டும் சார். கீழ ஒரு இடம் காட்டுங்க, எறக்கிருதேன்."

அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

இப்போதும் தினமும் தூக்குகிறாள். வலது தோளில் காய்ப்பு விழுந்திருக்கிறது. கிளினிக்குக்கு அதன்பின் தாமதமாகப் போனதில்லை. வன்னியபெருமாளை ஒரே ஒருமுறை நாலாட்டின்புதூர்ப் பக்கம் பார்த்தாள். ஒரு குடோன் வாசலில் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் பக்கத்திலேயே நின்றது. அவர் அவளைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. அவள் மிதியை நிறுத்தவில்லை.

மழை நாளில் படிகளில் கரிசல் உதிர்கிறது. முப்பத்தாறு படியையும் அவள்தான் துடைக்கிறாள்.