சுவரில் இருந்த ஊதாப் புள்ளி

காலி வீடுகளை வீடியோ எடுப்பது அவள் தொழில். நேரில் வந்து பார்க்க முடியாதவர்களுக்காக வீட்டுத் தரகர் அவளை அனுப்புவார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன டிஜிட்டல் கேமராவோடு போய், அறை அறையாக மெதுவாகச் சுற்றி எடுத்து வருவாள். ஆளில்லாத வீடுகளில் தூசு அதிகம். வெளியே நீண்டிருக்கும் லென்ஸ் உள்ளே போகும்போது அதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ஒவ்வோர் அறையிலும் ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்து, மென்துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடங்குவாள். வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி முனைகளைச் சுத்தம் செய்வாள். "என் முகத்தை ஒரு நாளாவது இப்படித் துடைச்சு விட்டிருக்கியா?" என்பார் கணவர். அவர் தையற்கடை நடத்திவந்தார்.

ஒரு நாள் ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்தை எடுத்து வந்தாள். மாலையில் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, படுக்கையறையில் மங்கலாக ஓர் ஊதாப் புள்ளி. லென்ஸுக்குள் தூசு போய்விட்டதென்று நினைத்தாள். மறுபடி ஓட்டினாள். தூசு என்றால் கேமராவை எங்கே திருப்பினாலும் படத்தில் அதே இடத்தில் நிற்கும். இது அப்படி நிற்கவில்லை. சுவரின் உச்சியில், வென்டிலேட்டர் கம்பிகளுக்கு நடுவே இருந்துகொண்டு, சுவரோடு சேர்ந்து படத்தைவிட்டு விலகியது. ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வந்த பிறகு எடுத்ததில் அது இல்லவே இல்லை.

மனசு கேட்காமல் லென்ஸைத் துடைத்து, சோதிக்கக் கணவர் பக்கம் திருப்பினாள். அவர் டிவி சேனலை மாற்றிக்கொண்டிருந்தார். ரிமோட்டின் நுனி கேமராத் திரையில் ஊதாவாகத் துடித்தது. நிமிர்ந்து வெறும் கண்ணால் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"ஏங்க, இன்னொரு தடவை அமுக்குங்க."

அவரும் எழுந்து வந்து பார்த்தார். சற்று யோசித்துவிட்டு, "நம்ம கடை சிசிடிவி கேமராவும் இருட்டானா இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் விடும். மாட்டினவர் சொன்னார்" என்றார். பிறகு டிவியை அணைத்துவிட்டார்.

ஓர் அறை சரியாக விழவில்லை என்று சொல்லி மறுநாள் மதியம் மறுபடி போனாள். மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர், அதிர்ந்து பேசாத பெரியவர், முகம் கோணாமல் சாவியைக் கொடுத்தார். உள்ளே தாழிட்டுக்கொண்டு, மூடிய ஜன்னலோடு இருந்த அந்த அறையில் நின்று கேமராவை உயர்த்தினாள். புள்ளி இருந்தது. தலைக்கு மேலே மாடித் தரையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது மாடிப்படியின் அடியில் அவர் நின்றிருந்தார்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுதுங்க."

"நேத்து எவ்வளவு பொறுமையா ஊதி ஊதித் துடைச்சீங்க. இன்னைக்குத் துடைக்கவே இல்லையே?"

நேற்றும் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டுதான் அவள் வேலை செய்திருந்தாள். அவசரமாகக் கிளம்பியதில் மறந்துவிட்டதென்று சிரித்துச் சமாளித்துச் சாவியைக் கொடுத்தாள். தெருமுனைவரை திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள்.

வீடியோவைப் பார்த்த தரகர் முதலில் மென்று விழுங்கினார். அந்த வீட்டுக்கு வரவிருந்தது ஒரு தாயும் இரண்டு பெண்களும் என்று அவள் நினைவூட்டியதும், எழுந்து அவளோடு காவல் நிலையத்துக்கு வந்தார். வென்டிலேட்டருக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா இருந்தது. அதன் ஒயர் மாடியில் ஓர் அலமாரிக்குள் போய் முடிந்தது. முன்பு குடியிருந்தவர்கள் எல்லோரும் அங்கே பதிவுகளாக இருந்தார்கள். பெரியவர் மறுக்கவில்லை, தலை குனியவும் இல்லை. சட்டையை மாற்றிக்கொண்டு போலீசாரோடு போனார்.

பதிவில் இருப்பது அவள்தானா என்று உறுதிசெய்யப் பெண் காவலர் அவளைக் கூப்பிட்டிருந்தார். திரையில் சாம்பல் நிற இருட்டு. நடுவே அவள் கேமராவை உயர்த்தி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நொடிதான் நின்றதாக அவளுக்கு நினைவு. திரையில் நின்றுகொண்டே இருந்தாள். படம் மெல்ல மெல்ல அவள் முகத்தை நோக்கிப் பெரிதானது.

"இது தானா இப்படி ஆகுமா?"

"இல்லம்மா. மேலேயிருந்து ஆள்தான் பண்ணணும்."

அதற்கப்புறம் பல நாள் அவள் கேமராவைத் தொடவில்லை. கடைசியில் அந்தத் தாயே தேடி வந்தாள். வேறு வீடு பார்த்திருப்பதாகவும், ஜன்னலைச் சாத்திவிட்டு ஒவ்வோர் அறையையும் எடுத்துக் காட்ட வேண்டுமென்றும் கேட்டாள். பேட்டரி தீர்ந்திருந்தது. அது ஏறும்வரை அந்தத் தாயை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் மென்துணியால் லென்ஸைத் துடைத்தாள்.