அட்டையில் விழுந்த இரண்டு பள்ளங்கள்

செருப்புக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கும் அந்தப் பெண், விடுப்பு கிடைத்தால் சைக்கிளில் தனியாக வெளியூர் கிளம்பிவிடுவாள். மூன்றாம் நாளே உட்கார முடியாமல் பஸ்ஸில் சைக்கிளை ஏற்றித் திரும்புவாள். வந்ததும் முன்னதைவிட மெத்தென்ற சீட் ஒன்று வாங்குவாள்.

"அடுத்து தலகாணியத்தான் கட்டணும்," என்பார் கணவர்.

ஒரு மதியம், ஷூவை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளரிடம், "மெத்துனு இருக்கேன்னு எடுக்காதீங்க சார், கால் அகலத்துக்குச் சரியா இருக்கான்னு பாருங்க," என்றாள். சொன்னவளுக்கே சுருக்கென்றது.

அவர் போனதும் ஸ்டூலில் ஓர் அட்டையைப் போட்டு, குனிந்து அழுந்த உட்கார்ந்து எழுந்தாள். உட்காரும்போது அழுந்தும் இரண்டு இடுப்பெலும்பும் பட்ட இடத்தில் இரண்டு பள்ளங்கள் விழுந்திருந்தன. இடைவெளி பதின்மூன்று சென்டிமீட்டர். இத்தனை நாளும் எலும்பு சீட்டின் மெத்தைக்குள் புதைந்து, சதைதான் உரசியிருக்கிறது.

அந்த அளவைச் சொல்லி சைக்கிள் கடையில் வாங்கிய சீட் கட்டை மாதிரி இருந்தது. கணவர் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுலயா உக்காரப்போற?" என்றார்.

அடுத்த விடுப்பில் ஒன்பது நாள் ஓட்டினாள். ஐந்தாம் நாள் அவர் போன் செய்து, "வலிக்குதா?" என்று கேட்டார்.

"உள்ளங்கைதான் மரத்துப்போகுது. வந்ததும் ஹாண்டில்பாரைப் பாக்கணும்," என்றாள்.