ஒட்டுப் போட்ட கொல்லிமலை

பழைய ஏரோப்ளேன் போட்டோவ ஸ்கேன் பண்ணி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மேப் ஆக்கறது, கிழிஞ்ச வேட்டிய ஒட்டுத் தெரியாம தெச்சுக் குடுக்கற மாதிரி வேலைங்க. நல்லா வந்தா ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க; கொஞ்சம் கோணுனா ஊரே கை நீட்டும். சுவத்துக்குப் பட்டி பாக்கறவங்க, டைல்ஸ் ஒட்டறவங்க எல்லாம் நம்ம கட்சிதான்.

ரெண்டாயிரம் வாக்குல ராசிபுரத்துல ஒரு சின்ன ஆபீஸ்ல நானும் கூட வேலை பாத்த செல்வியும் கொல்லிமலைய ஒட்டிட்டிருந்தோம். பக்கத்துப் பக்கத்து போட்டோவுல ஓரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். ரெண்டுலயும் ஒரே எடத்தைக் கண்டுபிடிச்சுப் புள்ளி வெச்சா, கம்ப்யூட்டர் இழுத்து ஒட்டிரும். போட்டோ எடுத்த காலத்துலயே எது வெள்ளாமை பூமி, எது மரக்காடுன்னு விசாரிக்கற ஆபீசுக்கு அந்த மேப்பு போவுது.

குழியான மலை

போட்டோவுல ஒரு வரிசை ஒரு நாள் காலைல எடுத்தது, பக்கத்து வரிசை பல நாள் கழிச்சு சாயங்காலம். நெழலு ஆளுக்கொரு பக்கம் சாயுது. ஒட்டிப் பாத்தா பாதி மலைல மேடெல்லாம் பள்ளமாத் தெரியுது. நான் வெளிச்சத்த ஏத்தறேன், எறக்கறேன். செல்வி பின்னால நின்னு பாத்துட்டு, மொகத்துல ஒரு மாத்தமும் இல்லாம சொல்லுச்சு: "முள்ளுக்குறிச்சிலருந்து வர்ற பஸ்ஸு இனி மேல ஏற வேண்டாங்ண்ணா, உள்ள எறங்குனாப் போதும்."

சந்தையில விரிச்சோம்

ஒரு வழியா முடிச்சு, ஒரு பிரதி விசாரணை ஆபீசுக்குப் போயிருச்சு. இன்னொன்ன எடுத்துட்டு, ஊர்ப்பேரெல்லாம் கேட்டு எழுத மலை மேல சோளக்காடு சந்தைக்குப் போனோம். பலாப்பழத்துக்குப் பக்கத்துல விரிச்சா காத்துக்கு நிக்கல. மொளகு விக்கற அக்கா நாலு மூலைக்கும் மூட்டை வெச்சாங்க. அப்பறம் குனிஞ்சு, இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரைக்கும் தேடிட்டு நிமிந்தாங்க: "இத்தனை பெரிய மலைய எடுத்தவங்களுக்கு, ஒரு மனுசன எடுக்கத் தோணலீங்களா?"

வெள்ளைப் பாறை

அந்தக் கூட்டத்துல பெரக்கரை நாட்டுக்காரரு ஒருத்தரு, சடையன்; மலைல ஊருங்க சேந்த பகுதிய நாடும்பாங்க. அடுத்த வாரம் அவரு நிலத்துக்கு விசாரணை. அப்பங்காலத்துலருந்து உழுத பூமிங்கறாரு. காயிதம் கெடையாது, இந்தப் படந்தான் சாட்சி. பாத்தா, அவரு நிலம் இருக்க வேண்டிய எடத்துல கருகருன்னு மரம். மனுசன் ஓடை மேலயே விரல நகத்திட்டு வந்து ஒரு வெள்ளைத் திட்டுல நிறுத்துனாரு. "இது என்னங்க?"

"பாறைங்க. ரெண்டு போட்டோலயும் பளிச்சுன்னு இருந்துச்சு. அதுல புள்ளி வெச்சுத்தான் ஒட்டுனோம்"ன்னேன்.

பாறை கருப்புத்தானாம். அறுத்த சாமைய மேல காயப்போட்டாத்தான் வெளுக்குமாம். மேலூருக்கு ஒரு பாறை, கீழூருக்கு ஒரு பாறை. மொத வரிசை எடுத்தப்ப மேலூர்ச் சாமை காஞ்சிருக்கு. ரெண்டாவது வரிசைக்குள்ள அத அள்ளிட்டாங்க, கீழூர்ச் சாமை காஞ்சிருக்கு. ரெண்டையும் ஒரே பாறைன்னு நாங்க இழுத்து ஒட்டுனதுல, நடுவால இருந்த அவரு நிலம் மரத்துக்கு அடில போயிருச்சு. சடையன் என்னை ஏற எறங்கப் பாத்தாரு: "ஏனுங்க, அந்த வருசம் மழை பேயாம இருந்திருந்தா எதை வெச்சு ஒட்டியிருப்பீங்க?"

விசாரணை

எங்க முதலாளி செருமாம வாயத் தொறக்க மாட்டாரு. நீங்களும் செருமிட்டுப் படிங்க. "க்ஹும்... குடுத்த மேப்ப நாமளே தப்புன்னு சொன்னா, க்ஹும், அப்பறம் எவன் வருவான்?" அதக் கேக்காம நாங்க, புள்ளிய மாத்தி வெச்சுத் திருத்துன படத்த எடுத்துட்டு விசாரணைக்கே போயிட்டோம். தப்பு எங்களுதுங்கன்னதும் அதிகாரி கண்ணாடியக் கழட்டுனாரு, தொடச்சாரு, மாட்டுனாரு. "அப்ப மிச்ச மலை?" எல்லா ஒட்டையும் மறுபடி பாக்கறோம்னு எழுதிக் குடுத்தேன்.

அப்பறம் லென்ஸ வெச்சுக் குனிஞ்சாரு. படி படியா வெட்டுன நிலம், அதுல ஏர் ஓட்டுன கோடு. 'வெள்ளாமை பூமி'ன்னு எழுதிக்கிட்டு, லென்ஸ சடையன் கைல குடுத்தாரு. வெளிய வந்து மன்னிச்சிருங்கன்னு ஆரம்பிச்சேன். சடையன் என் கையப் புடிச்சுக்கிட்டாரு: "உடுங்க சாமி, நீங்க இந்தப் படத்தோட வராட்டி எங்கப்பன் உழுதத நான் எங்க பாக்கறது?"

இப்பவும் எந்த ஊருப் படத்துல வெள்ளையா ஏதாச்சும் தெரிஞ்சாலும், படம் எடுத்த மாசம் அங்க என்ன அறுப்புன்னு போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் புள்ளி வெக்கறேன்.