வீட்டுக்கு ஒரு மீன்

அலங்கார மீன் கடையில் தங்கைக்குப் "போலீஸ்" என்று பெயர். வைத்தவர் முதலாளி. மீன் வாங்க வருகிறவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டு முடித்த பிறகுதான் அவள் வலையைக் கையில் எடுப்பாள். தொட்டி எத்தனை லிட்டர்? தண்ணீர் ஊற்றி எத்தனை நாளாகிறது? உள்ளே ஏற்கெனவே யார் யார் இருக்கிறார்கள்? மீன்களை அவள் "யார்" என்றுதான் கேட்பாள். பதில் சரியில்லை என்றால், "இப்ப வேணாம் சார், மூணு வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுவாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் பன்னிரண்டு வருடமாக அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வருகிற ஆள் பிறகு வேறு கடைப் பக்கம் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

அண்ணனுக்கு இதில் பெருமை தாங்காது. அவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஒன்பது வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மோட்டார், லிஃப்ட், குழாய், விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. எந்தப் பல்பை எந்தத் தேதியில் மாற்றினார் என்பதுவரை நோட்டில் எழுதி வைத்திருப்பார். தங்கையைப் பற்றி யாரும் பேச்செடுக்க வேண்டியதில்லை, அவரே எடுப்பார்.

அப்படித்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவர் இரண்டடி நீள மீன் தொட்டி ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதை லிஃப்ட் பக்கத்தில் வைத்தால் அழகாக இருக்கும் என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேச்சு வந்தது. யார் பார்த்துக்கொள்வது என்று செயலாளர் இழுத்தார்.

"என் தங்கச்சி இருக்கா சார். அவ கை பட்டா ஒரு மீன் சாகாது" என்றார் அண்ணன்.

யாரும் கேட்காமலே கொடுத்த உத்தரவாதம்.

தங்கை வந்தாள். தொட்டியைக் கழுவினாள், மணலைப் பரப்பினாள், வடிகட்டியை ஓடவிட்டாள். மூன்று வாரம் வெறும் தண்ணீரைக் காட்டியே ஒன்பது வீட்டுக்காரர்களையும் காக்க வைத்தாள். "மீன் எங்கம்மா?" என்று லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். "தண்ணி இன்னும் பழுக்கல, அழுக்கைத் தின்னற நல்ல கிருமி ஊறணும்" என்று ஒரே பதில். அந்த மூன்று வாரத்தில் ஒரு பட்டியலும் தயாரித்தாள். நடுத் தண்ணீரில் கூட்டமாகத் திரிய எட்டு நியான் டெட்ரா, தரையில் மேய ஐந்து சின்னக் கெளுத்தி, மேல்மட்டத்துக்கு ஒரு தேன்நிறக் குராமி. யாரும் யார் வழியிலும் குறுக்கே வராத குடும்பம். அண்ணன் அதைத் தன் கையெழுத்தில் அழகாகப் படியெடுத்துக் கூட்டத்தில் வைத்தார்.

இரண்டாம் மாடி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "எட்டும் ஒரே மாதிரி இருக்குமா?"

"ஆமாங்க. கூட்டமா இருந்தாத்தான் அதுங்க பயப்படாம இருக்கும்."

"அதுல எங்க மீன் எது?"

மற்றவர்கள் அந்தக் கேள்வியை விடவில்லை. இது எங்க வீட்டு மீன் என்று விருந்தாளிக்கு விரல் நீட்டிக் காட்ட வேண்டாமா? வீட்டுக்கு ஒரு மீன், ஒவ்வொன்றும் வேறு ஜாடை என்று முடிவாயிற்று. செயலாளர் வரி போட்ட டைகர் பார்ப் கேட்டார். மூன்றாம் மாடி வாத்தியார் வீட்டில் பாவாடை மாதிரி துடுப்பு விரிக்கிற நீல ஃபைட்டர் கேட்டார்கள். ஏஞ்சல் ஒருவருக்கு, மோலி ஒருவருக்கு, இப்படி ஒன்பது.

"இந்தப் பார்ப் ஏழெட்டா இருந்தா தங்களுக்குள்ளயே விரட்டிக்கிட்டு விளையாடும் சார். தனியா விட்டா பக்கத்துல இருக்கறவன் வாலைத்தான் கடிக்கும். அதுவும் நீள வாலா பாத்து" என்று தங்கை மன்றாடினாள்.

"அப்ப ஏழெட்டாவே விடும்மா."

"செக்ரட்டரி வீட்டுக்கு மட்டும் எட்டு மீனா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"சின்ன மீன்தானே, பழகிடும்" என்றார் வாத்தியார் சம்சாரம். "நீ தரலன்னா அடுத்த தெருவுல வாங்கிக்கிறோம், அவ்வளவுதான்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார். கோல்டு ஃபிஷ் கேட்ட ஒரு வீட்டை மட்டும் எப்படியோ பேசி வேறு மீனுக்கு மாற்றினாள், ஒன்பதையும் அவளே கொண்டுவந்து விட்டாள். அடுத்த தெருக் கடையில் வாங்கினால் நோய் மீனாகவும் இருக்கும் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

இதற்கு மேல் அண்ணன் ஒரு காரியம் செய்தார். சண்டை வரக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில்தான் செய்தார். ஒரு தாளில் ஒன்பது கோடு இழுத்து, எந்த மீன் எந்த வீட்டினுடையது என்று எழுதி, கீழே ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: அந்தந்த வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் எந்த மீனையும் வெளியே எடுக்கக் கூடாது. ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். செயலாளர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஐந்தாம் நாள் ஃபைட்டரின் வால் ஓரம் பிசிறடித்திருந்தது. எட்டாம் நாள் பாதி வால் இல்லை. வடிகட்டிக் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த சந்தில் அது ஒண்டிக்கொண்டது. ஃபைட்டர் ஜாதி மேலே வந்துதான் காற்று வாங்கும்; அப்படி வரும்போதெல்லாம் டைகர் பார்ப் பாய்ந்து வந்து ஒரு கடி கடித்துவிட்டுப் போயிற்று.

வாத்தியார் வீட்டில் மகள் பிரசவத்துக்கென்று ஊருக்குப் போயிருந்தார்கள். தங்கை போன் போட்டாள்.

"ரெண்டு வாரம் நான் கடையில வெச்சுப் பாத்துக்கறேன்மா. வால் வளந்துடும்."

"எங்க மீன் என்ன தப்புப் பண்ணுச்சு? கடிக்கிறத எடு. இது ஏன் வெளிய போகணும்?"

நியாயம்தானே என்று அண்ணனுக்கே பட்டது. செயலாளரிடம் போனார்.

"என் மீன் பாட்டுக்குச் சாப்பிடுது, சுத்துது. மத்த ஏழு மீனும் நல்லாத்தானே இருக்கு? ஒண்ணு நோஞ்சானா இருந்தா அதுக்கு நான் பொறுப்பா? நீதானேப்பா நிபந்தனை எழுதின!"

அண்ணன் படியிறங்கினார்.

தங்கை சளைக்கவில்லை. தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுகிற வலைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். வெளியே எடுத்தால்தானே நிபந்தனையை மீறினதாகும்? ஃபைட்டரை அதற்குள் விட்டாள். ஒரு நாள் முழுக்க அது நிம்மதியாக மூச்சுவிட்டது. மறுநாள் யாரோ படம் பிடித்து வாத்தியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அடிச்சவன் வெளிய, அடிபட்டவன் ஜெயில்லயா? இதுதான் உன் வேலையா?" என்று போனில் கத்தல்.

பார்ப்பை வலைப்பெட்டியில் விடலாம் என்றால் செயலாளர் வீட்டம்மா நேரிலேயே இறங்கி வந்தார். "எங்க மீனைக் கூண்டுல போட்டு, போற வர்றவங்களுக்கெல்லாம் காட்டணுமா?"

பெட்டி வெளியே வந்தது.

"வா பாப்பா, நானே எடுத்துடறேன். திட்டினா என்னைத் திட்டட்டும்" என்றார் அண்ணன்.

"எந்த மீனை எடுத்தாலும் அந்த வீடு உன்னைச் சும்மா விடாதுண்ணா. குடியிருக்கற ரூமே அவங்க குடுத்ததுதானே. அப்புறம் எங்க போவ?" தங்கை கையிலிருந்த வலையைச் சுருட்டினாள். "பன்னெண்டு வருஷமா ஊரெல்லாம் கேள்வி கேட்டேன். இங்க மட்டும் கேக்காம விட்டுட்டேன்."

"என்ன கேக்கணும்?"

"மீன் வேணுமா, 'எங்க மீன்'ங்கற பேர் வேணுமான்னு."

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, தொட்டிமுன் உட்கார்ந்தாள். கண்ணாடியில் விரலை வைத்து மெல்ல நகர்த்தினாள். டைகர் பார்ப் விரலைத் தீனி என்று நினைத்தோ என்னவோ, அதன் பின்னாலேயே வந்தது. விரல் இடதுபக்கம் போனால் அதுவும் இடதுபக்கம், வலதுபக்கம் போனால் வலதுபக்கம். அதற்குள் ஃபைட்டர் மெதுவாக மேலே வந்து ஒரு வாய்க் காற்று வாங்கிக்கொண்டு சந்துக்குத் திரும்பியது.

அன்றுமுதல் கடை முடிந்ததும் அவளுக்கு அதுதான் வேலை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டால் பார்ப் அடங்கிவிடும், அதுவரைக்கும் விரல். லிஃப்டுக்கு வருகிறவர்கள், "மீனோட விளையாட்டா?" என்று சிரித்துக்கொண்டு போனார்கள். பகலில் அண்ணன் உட்கார்ந்தார். மோட்டார் போட்டுவிட்டு ஓடிவருவார், பத்து நிமிடம் விரலை நகர்த்துவார், மறுபடி ஓடுவார். தங்கை கடையிலிருந்து போன் செய்து, "மேல வந்துச்சா?" என்று மட்டும் கேட்பாள்.

"வந்துச்சு பாப்பா."

"வாத்தியார் வீட்டுல எப்ப வர்றாங்களாம்?"

"பிரசவம் தள்ளிப் போகுதாம். இன்னும் பத்து நாள் ஆகும்ங்கறாங்க."

"சரிண்ணா. விரலை ரொம்ப வேகமா ஆட்டாத, அதுக்குச் சலிச்சுடும்" என்றாள்.

அண்ணன் மெதுவாகத்தான் ஆட்டினார். சந்துக்குள் ஃபைட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, செவுள் மட்டும் அசைந்தது. மேலே வரப் புறப்பட்டு, பாதியில் நின்று, மறுபடி புறப்பட்டது. அந்த நேரம் பார்த்து மேலே ஆறாம் வீட்டுக் கதவு திறந்தது.

"அண்ணே, குழாய் உடைஞ்சு வீடெல்லாம் தண்ணி! சீக்கிரம் வாங்க!"

"இதோ, ஒரு நிமிஷம்மா..."

"ஒரு நிமிஷமா? படியில ஒழுகுது, பாருங்க!"

அண்ணன் விரலை எடுத்தார். டைகர் பார்ப் கண்ணாடியோரம் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தது. பிறகு திரும்பியது.