ஆடியில் போடாத தபால்

ஈப்போ கோர்ட்டு வாசலில் என் அண்ணன் அர்ச்சுனனை எல்லோரும் லாயர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் லாயர் இல்லை, லாயர் விஸ்வலிங்கத்தின் குமாஸ்தா. மனு எழுதுவான், கேஸ் கட்டுத் தூக்குவான், வழக்கு நடக்கும்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

நாங்கள் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். மரத்துக் கோப்பையில் உறைந்த கட்டிப்பாலைத் திருடியதாக எங்கள் அப்பா ஐயாவுவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் எடுக்கவே இல்லை. கோர்ட்டில் கேட்டது ஒன்றும் புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனார். திரும்பி வந்தவர் சம்சு சாராயம் குடித்தே செத்தார். அண்ணன் வக்கீல் ஆபீசில் போய் நின்றதே அந்த ஆத்திரத்தில்தான்.

1974இல் ஒருநாள் விஸ்வலிங்கம் அவனைக் கூப்பிட்டாராம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "தோட்டத்துப் பிள்ளையள் சட்டம் படிக்க ஒரு நிதி இருக்கு. லண்டனுக்கு அனுப்புவினம். இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்க வேணும். உமக்கு இதுதான் கடைசி வருஷம், கேட்டுப் பாரும்" என்றார்.

அண்ணன் ஒரு மாதம் குழம்பினான். "நான் போயிட்டா வீட்ட யாரும்மா பாக்குறது?" என்றான். எங்கள் அம்மா வீரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இன்னும் மரம் வெட்டிப் பால் எடுக்கலயா? போடா! உங்கப்பனுக்காக ஒரு நாயும் பேசல. நீ பேசக் கத்துக்கிட்டு வா."

அதோடு முடிவாகிவிட்டது. சர்ட்டிபிகேட்டுகளுக்கெல்லாம் நகல் எடுத்து, விஸ்வலிங்கத்திடம் நற்சான்று வாங்கி, மனுவை அழகாக எழுதினான். தோட்டத்துக் குடும்பம்தான் என்று தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணி கையெழுத்துப் போடுவது மட்டும் பாக்கி. மறுநாள் அவன் ஈப்போவில் இருக்க வேண்டும். "கிராணி கையெழுத்துப் போட்டதும் ஒட்டி, ஆபீஸ் தபால் பையில போட்டுடும்மா" என்று கொடுத்துவிட்டுப் போனான். கடைசித் தேதி ஜூலை முடிவு. அதை அவன் சொல்லவில்லை. மறுநாளே போய்விடும் தபாலுக்குத் தேதி எதற்கு?

அம்மா மறுநாளே கையெழுத்து வாங்கினார். ஆனால் அது ஆடி மாதம். எங்கள் லயத்து வீடுகளில் ஆடியில் ஒரு பெண்ணைப் பார்க்கக்கூடப் போக மாட்டார்கள். பிள்ளையைச் சீமைக்கு அனுப்பும் மனுவைப் போடுவாரா? மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்து, தினமும் சூடம் காட்டி, ஆவணி முதல் நாள் தலைக்குக் குளித்து, உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிப் பையில் போட்டார்.

தேதி கடந்துவிட்டதென்று தபால் ஈப்போவுக்குத் திரும்பி வந்தது. அண்ணன் அடித்துப் பிடித்து வீட்டுக்கு வந்தான். அவன் வாயைத் திறக்கும் முன்பே அம்மா பூரித்துப்போய்ச் சொன்னார்: "ஆடியில போடுவேனா நானு? ஆவணி பொறந்த அன்னைக்குத்தான் போட்டேன். கண்டிப்பா கெடைக்கும் பாரு!"

"சரிம்மா" என்றான். அவ்வளவுதான். அடுத்த மாதம் வந்து, "இடம் இல்லன்னுட்டாங்கம்மா" என்றான். "நாசமாப் போவானுங்க" என்று அம்மா மண்ணை வாரித் தூற்றினார். நானும் சேர்ந்து திட்டினேன். நடந்தது எங்களுக்கு என்ன தெரியும்?

1981இல் நான் சிம்பாங் பூலாயில் தற்காலிக ஆசிரியை. "இந்த வருஷத்தோட அந்த நிதிய நிறுத்தப் போறாங்க. நீயாவது போ நல்லு" என்றான் அண்ணன். எனக்கு ஆசை, சின்ன ஆசையில்லை. நான் கறுப்பு அங்கி போட்டுப் பேசுவதுபோல் கனவே வந்தது. மனுவை அவனே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தான். ஜூலையில் கிராணி கையெழுத்துக்கு நான் தோட்டத்துக்குப் போனேன். அவர் அன்று லீவு. உறையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணனுக்குத் தெரிந்திருந்தால் ஓடிப்போய்ப் பிடுங்கியிருப்பான். கொடுக்காதே என்று எனக்கு யார் சொன்னது?

ஆகஸ்டில் இருவரும் வீட்டுக்குப் போயிருந்தோம். நான் தபாலைப் பற்றிக் கேட்டதும், அம்மா படத்துக்குப் பின்னாலிருந்து உறையை எடுத்து வந்தார். "போன தடவ ஆவணி பொறந்ததும் அவசரப்பட்டுட்டேன். இந்தத் தடவ வளர்பிறையில நல்ல நாளா பாத்து வச்சிருக்கேன்."

அந்த வருஷமும் ஜூலையோடு தேதி முடிந்திருந்தது. அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். "அம்மாகிட்ட சொல்லிராத நல்லு. தாங்காதுலா."

"அம்மா தாங்காது, நான் மட்டும் தாங்குவேனா? ஏழு வருஷமா வாய மூடி வச்சிருந்து என் தலையில கொண்டாந்து போட்டியே அண்ணே! நல்லா இருப்பியா நீ?" என்று கத்தினேன். அவன் நல்லவன், எனக்குத் தெரியும். அந்த நல்ல மனசுதான் அன்று எனக்கு விஷமாக இருந்தது.

விடுவிடுவென்று உள்ளே போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உறை மடியில் கிடக்க, அவர் ஆடாமல் அசையாமல் கேட்டார்.

"அப்ப, ரெண்டு பேரையும் நாந்தான் கெடுத்தேனா?"

"இல்லம்மா, இல்லம்மா" என்று அண்ணன் ஓடி வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான். அம்மா அவனைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் "இல்லம்மா" என்று சொல்லவில்லை.