என் பெயருக்கு நடுவே ஒரு கோடு

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் தொடங்கியது இது. நான் மலேசியாவில், கெடா மாநிலத்துக் குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஓய்வு நாளில் பாட்டுக் கட்டுவேன். பக்கத்து வீட்டுச் சேவல் வாயை மூடாது என்பதால், ரப்பர் மரங்களுக்கடியில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வியர்வை வழிய வழியப் பாடித்தான் என் முதல் பாட்டைப் பதிவு செய்தேன். தீபாவளிக்கு இணையத்தில் வந்துவிடும் என்று அப்பா நாங்கள் குடியிருக்கும் ரப்பர் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

பாட்டு வெளியிட்டுத் தரும் ஒரு நிறுவனத்தில் ஏற்றினேன். எங்கள் அடையாள அட்டையில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே சாய்கோடு போட்டு ‘ஏ/பி’ என்று இருக்கும். இன்னார் மகள் என்று பொருள். அவர்களுடைய கணினி அந்தக் கோட்டோடு பெயரை இரண்டாகப் பிளந்து, பாடியவர்கள் இரண்டு பேர் என்று போட்டுவிட்டது. அப்பா தனிப் பாடகராகிவிட்டார்! அத்தோடு விட்டார்களா? இரண்டாவது பாடகர் சம்மதம் தரவில்லை என்று பாட்டையே தூக்கிவிட்டார்கள்.

போன் செய்தேன். எடுத்தவரும் தமிழர்தான். “சிஸ்டம் அப்பிடித்தான் சிஸ். அப்பா பேர எடுத்துட்டுப் போடுங்க லா” என்றார். அவருடைய அட்டையிலும் இதே போல ஒரு கோடு இருக்கும்தானே? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிடக் கோபம் அப்பா மேல். “என் பேரு எதுக்குமா? எடுத்துடு. பாட்டு வந்தா போதும் லா” என்றார், வாசலில் கிடக்கும் செருப்பை ஓரமாகத் தள்ளச் சொல்வது போல.

“முடியாதுப்பா! பாட்டே வரலன்னாலும் சரி, பேர எடுக்க மாட்டேன்” என்று கத்திவிட்டேன்.

நானே இணையத்தில் ஒரு பக்கம் கட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்குள் தீபாவளி போய்விட்டது. “பாட்டு எங்கண்ணே?” என்று தோட்டத்தில் அப்பாவைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். கடைசியில் ஏற்றினால், என் பக்கமும் அதே கோட்டில் முட்டிக்கொண்டு நின்றது! பாட்டுக் கோப்புக்கு என் முழுப் பெயரையே வைத்திருந்தேன். கோப்பின் பெயரில் கோடு வந்தால், அதற்கு முன்னால் இருப்பதைக் கணினி கோப்புகள் போட்டு வைக்கும் வேறொரு பெட்டி என்று நினைத்துத் தேடுமாம். சனியனே, நீயுமா என்று மேசையைக் குத்தினேன். ஆனால் இது நான் கட்டியது. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. கோப்புக்கு வெறும் எண்ணைக் கொடுத்துவிட்டு, திரையில் மட்டும் பெயரை முழுதாகக் காட்டும்படி மாற்றினேன்.

அப்பா முதலில் பாட்டைக் கேட்கவில்லை. கைப்பேசியில் தன் பெயரை விரலால் தடவினார், பக்கம் நகர்ந்துவிட்டது. “ஐயோ, எங்கமா போச்சு?” என்று பதறினார்.

“எங்கயும் போவாதுப்பா” என்றேன்.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம், அது மட்டும் வராமல் போயிருந்தால் அப்பாவின் பெயரை அன்றைக்கு நானே என் கையால் அழித்திருப்பேன்.